பனிமலைக்கு ஏறிய அட்டைப்பெட்டி

எங்கள் வீட்டுக்காரருடைய பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதுகிறவள் என் மருமகள் கலைச்செல்வி. வருகிற இடத்திலெல்லாம் அவளே எழுதிக்கொள்ளட்டும், திரவியம் என்று. திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில் இந்தப் பெயரைச் சொல்லி யாரிடம் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். நீலச் சட்டை, முட்டுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி, தலையில் ஒரு மூட்டை. மூட்டை இல்லாமல் வரும்போதும் கழுத்தை மட்டும் திருப்ப அவருக்கு வராது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார். தெருக்கோடியில் அப்படி ஒரு ஆள் திரும்பினால் அரிசியை உலையில் போடலாம், சாப்பாட்டுக்கு ஆள் வந்தாயிற்று.

மீசை முளைக்காத வயதில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் கல்யாணமாகி ஆரியசாலைப் பின்சந்துக்கு வந்தபோதே அவர் சுமை தூக்குகிற சுமட்டுக்காரர்களில் பெயர் எடுத்திருந்தார். சாலையில் பாதிச் சந்துகளுக்குள் லாரி நுழையாது. விடிகிற நேரத்தில் அரிசியும் சர்க்கரையும் மிளகாய் வற்றலும் பெருந்தெருவில் வந்து இறங்கும். அங்கிருந்து கடைக்குள் போவது இவர்கள் தலை மேல்தான். துவர்த்தை, அதாவது தோள் துண்டை, முறுக்கி வட்டமாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொள்வார்கள், அதற்குச் சும்மாடு என்று பெயர். சும்மாட்டின் மேல் மூட்டை. இரண்டு பேர் தூக்கி ஏற்றிவிட வேண்டும். பிறகு “வழி, வழி” என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போவார்கள்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஏற்றிய சுமை போய்ச் சேருகிற இடத்தில்தான் தரையைத் தொட வேண்டும். நடுவழியில் இறக்கி வைத்தவனை ஒரு வாரத்துக்குக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள். இவர் ஒருநாளும் இறக்கியதில்லை. ஒரு வருஷம் ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற பொங்காலைக்குப் பெண்கள் முந்தின நாளே வந்து தெரு முழுக்கச் செங்கல் அடுப்பு வைத்து இடம் பிடித்துவிட்டார்கள். இவர் சர்க்கரை மூட்டையோடு நடுவில் மாட்டிக்கொண்டார். முன்னாலும் அடுப்பு, பின்னாலும் அடுப்பு. அண்ணே, மூட்டையை இங்கேயே இறக்கிவையுங்கள், பாயசத்துக்கு ஆகும் என்று பெண்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சிலை மாதிரி நின்றே சிரித்தார், இறக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்களே அடுப்புகளை நகர்த்தி வழி விட்டார்கள்.

அப்படிப்பட்டவருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் கை மரத்துப்போக ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் விரலில் எறும்பு ஊருகிறது என்பார். டீக்கிளாஸை முழுக்க நிரப்பிக் கொடுத்தால் கைலியில் கொட்டிக்கொள்வார். அதனால் நான் அரைக் கிளாஸாக இரண்டு தடவை கொடுப்பேன். ஏன் அரைக் கிளாஸ் என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. விடியற்காலையில் எழுந்து கழுத்தில் எண்ணெய் தேய்த்து நீவி விட்டால்தான் கை வசத்துக்கு வரும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இனி தலையில் பாரம் கூடாது என்றார். இவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் வெள்ளென வேலைக்குப் போனார்.

எங்கள் மூத்தவள் பொன்செல்வி நர்ஸ். நார்வே தேசத்தில் ட்ரோண்ட்ஹெய்ம் என்ற ஊரில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வேலை. அவள் கட்டியிருப்பது ஷைஜு என்ற நெடுமங்காட்டுப் பையனை. அங்கே லாரி பழுது பார்க்கிறான். போனில் பேசும்போதெல்லாம் அவள் கேட்கிற முதல் கேள்வி, அப்பா கார்டைத் திருப்பிக் கொடுத்தாரா என்பதுதான். சுமட்டுக்காரர்களுக்கு ஒரு கார்டு உண்டு. அதைத் திருப்பிக் கொடுத்தால் பிறகு சுமை எடுக்க முடியாது. இவர் போனை என் கையில் தந்துவிட்டு வெளியே போய்விடுவார்.

போன வருஷம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குக் கொஞ்சம் கழுத்து நின்ற பிறகு மூன்று மாதம் வந்து இருங்கள் என்று டிக்கெட் அனுப்பினாள். மட்டை அரிசி, புளி, நேந்திரங்காய் வறுவல், நான் இடித்த மிளகாய்ப்பொடி எல்லாம் ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் போயிற்று. சுமட்டுக்காரர்களின் தலைவர் வேல்சாமி அதன் நாலு பக்கமும் கொட்டை எழுத்தில் பெயர் எழுதிக் கொடுத்தார். பச்சை நைலான் கயிறு போட்டு இவர் கட்டினார். அங்கே விமான நிலையத்தில் எல்லோரும் பெட்டியை உருளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போது இவர் துவர்த்தைச் சுருட்டித் தலையில் வைத்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு, வழி வழி என்று வெளியே வந்தார். அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், உண்மையாகவே விலகினார்கள். பொன்செல்வி தூரத்தில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆனால் அந்த ஊரில் தலையில் தூக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் சக்கரம். குழந்தைக்குக்கூடச் சக்கரம். இவர் ஜன்னலில் நின்றுகொண்டே இருப்பார். ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்துவிட்டது.

“அப்பா, கை மரத்துப்போகுதா இல்லையா? உள்ளதைச் சொல்லுங்க” என்றாள் பொன்செல்வி.

“போகத்தான் செய்யுது. உங்க அம்மை பேசத் தொடங்கினா காதும் மரத்துப்போகுது. அதுக்கு என்ன செய்ய முடியும்?”

“ஊருக்குப் போனதும் கார்டைக் குடுத்திருங்கப்பா.”

“குடுத்துட்டு? காலையில நாலு பேரு திரவியண்ணேன்னு விளிக்காம, ஃபேனைப் பாத்துக்கிட்டுக் கெடக்கணுமா மக்களே?”

மகளை அவர் எப்போதும் மக்களே என்றுதான் கூப்பிடுவார், ஆனாலும் அவள் முகம் சிவந்துவிட்டது. சண்டை முற்றும் என்று நினைத்தபோது ஷைஜுதான் நடுவில் புகுந்தான். “மாமா, எந்தினா வழக்கு? சனிக்கிழமை நம்ம போற மலை இருக்கில்லே, அது தீர்மானிக்கட்டே” என்றான். எதற்குச் சண்டை, மலையே தீர்ப்புச் சொல்லட்டும் என்கிறான்.

அந்த ஊரில் லீவு நாளென்றால் மலை ஏறுவது வழக்கம். நாம் கோயிலுக்குப் போவது போல அவர்கள் மலைக்குப் போகிறார்கள். ஸ்னோஹெட்டா என்று ஒரு மலை. பனிக்குல்லாய் என்று அர்த்தமாம். அரசாங்கம் காவல் காக்கிற பெரிய வனத்துக்குள் இருக்கிறது, வனம் என்றாலும் மேலே ஒரு மரம் கிடையாது. உயரம் அதிகம், ஆனால் கயிறு கட்டித் தொங்க வேண்டியதில்லை. காலும் மூச்சும் இருந்தால் போதும், கிழவிகளும் ஏறுவார்கள் என்றான் ஷைஜு. கிழவி என்ற இடத்தில் என்னைப் பார்த்தான்.

இவர் சாப்பிட்ட கையைக் கழுவாமலே பந்தயத்தைச் சொன்னார். “எல்லாருக்கும் உள்ள சோறு என் தலையில. உச்சி வரைக்கும் பெட்டி தரையைத் தொடாது. தொட்டா கார்டு உன் கையில. தொடலைன்னா பின்னே நீ இந்தப் பேச்சை எடுக்கப்பிடாது, கேட்டியா?”

“சரி. ஆனா அங்க சுமைதாங்கி ஒண்ணும் கெடையாதுப்பா.”

“அது எனக்கு எதுக்கு?” என்றார்.

சுமைதாங்கி என்றால் பழைய ரோட்டோரங்களில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமைக்காரன் குனியாமல், யார் உதவியும் இல்லாமல், தலையிலிருந்து அப்படியே அதன் மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். அதில் வைத்தால் தரையில் வைத்த கணக்கில் வராது.

நான் யார் பக்கம் என்று கேட்டால், அவர் தோற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். எண்ணெய் தேய்க்கிற கைக்குத்தானே தெரியும். அவர் தோற்க வேண்டுமென்று முருகனை வேண்டிக்கொண்டேன். அதே கையால் பெட்டி அவிழ்ந்துவிடக் கூடாதென்று கயிற்றை இரண்டு சுற்று அதிகமாகவும் சுற்றினேன். இதை ஏன் என்று கேட்காதீர்கள்.

அந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு முதுகுப்பையில் ரொட்டியும் ஆரஞ்சும் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். நாமும் அப்படியே போகலாம் என்றாள் பொன்செல்வி. இவர் ஒத்துக்கொள்ளவில்லை. பங்கு பிரித்துவிட்டால் அது என்ன சுமை என்றார். புளிச்சோறு, தேங்காய்த் துவையல், அவித்த முட்டை, வறுவல், பிளாஸ்கில் டீ, பொன்செல்வியின் கோட்டுப் பையில் கிடந்த சாக்லேட் உள்பட எல்லாம் அதே அட்டைப்பெட்டிக்குள் போயிற்று. நர்ஸ் ஆனதால் எடையை மட்டும் அவள் தூக்கிப் பார்த்து, பாதிச் சோற்றை எடுத்து வெளியே வைத்தாள். இதெல்லாம் ஒரு பாரமா என்று இவருக்கு வருத்தம். அவள் முதுகுப்பையில் குளிர்ச்சட்டைகளும் தண்ணீரும் மட்டும் இருந்தன.

வனத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு, அவர்களுடைய பஸ்ஸில் உள்ளே போனோம். பஸ் நிற்கிற இடத்தில் சத்திரம் மாதிரி ஒரு மரவீடு. குழந்தையோடு ஷைஜு அங்கே தங்குவதாக ஏற்பாடு. பொன்செல்வி கடைசி நிமிஷம் வரை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் காப்பி ஒன்று குடித்தாள். தட்டில் வைத்த ரொட்டியை அவள் தொடாததை நான் பார்த்தேன். அதற்குள் இவர் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, “ஷைஜு, ஏத்திவிடு மக்கா” என்று நின்றுவிட்டார்.

அவன் ஏற்றிவிட்டான். “மாமா, சூட்சிச்சுப் போணும்” என்றான். பார்த்துப் போகச் சொன்னான். நாங்கள் நடக்க நடக்க அவன் சொன்னது காற்றில் போயிற்று.

பாதை என்றால் வெறும் கல். கற்களின் மேல் சிவப்புச் சாயத்தில் கம்பும் குறுக்குக் கம்புமாக ஒரு அடையாளம் போட்டிருக்கிறார்கள். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்த ஒரு எழுத்தை அன்று படித்தேன். அது இருக்கிற பக்கம் போனால் வழி தவறாது. பாசி மட்டும் மஞ்சளும் பச்சையுமாக ஒட்டிக் கிடந்தது. ஆடி மாசத்திலும் பள்ளங்களில் பனி. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் ‘ஹெய்’ என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். தலையில் பெட்டி இருப்பதால் இவரால் தலையாட்ட முடியாது, புருவத்தை உயர்த்திப் பதில் சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் பழக்கதோஷத்தில் வழி, வழி என்று குரல் கொடுத்தார். விலகுவதற்கு அங்கே கல்லைத் தவிர ஆள் கிடையாது.

ஓரிடத்தில் பொன்செல்வி தூரத்தில் கைகாட்டினாள். கறுப்பாக நாலைந்து மாடுகள், ரோமம் தரை வரை தொங்கிற்று. கஸ்தூரி எருது என்று சொன்னாள். கிட்டே போகக் கூடாதாம், கோபக்கார ஜந்து. இவர் முழு உடம்பையும் திருப்பி நின்று பார்த்துவிட்டு, எருமைக்கு எவனோ கம்பளி போர்த்திவிட்டிருக்கிறான் என்றார்.

ஏற்றம் கூடியது. முதல் தடவையாக அவர் மூச்சு எனக்குக் கேட்டது. அப்போதுதான் அந்த வினை வந்தது. மேட்டின் மேல் கல்லை அடுக்கி மார்பளவு உயரத்துக்கு ஒரு தூண் மாதிரி வைத்திருந்தார்கள். இவர் நின்றார்.

“சுமைதாங்கி கெடையாதுன்னு சொன்னியே மக்களே. உன் ஊர்க்காரன் வச்சிருக்கான் பாரு.”

அது வழி காட்டுவதற்கு அடுக்கியது அப்பா, கை வைக்காதீர்கள் என்று அவள் ஓடி வருவதற்குள் இவர் சாலைக்காரர்களின் பழக்கப்படி பக்கத்தில் போய், முட்டியை மடக்கி, பெட்டியைத் தலையிலிருந்து அதன் மேல் தள்ளினார். நம்முடைய சுமைதாங்கி நட்ட கல். அவர்களுடையது சும்மா அடுக்கிய கல். மேலே இருந்த நாலு கல் சரிந்தது, அதன் பின்னால் பத்துக் கல். இவர் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, பேய் பிடித்தவர் மாதிரி ஆடி, எப்படியோ மறுபடி தலைக்கு ஏற்றிவிட்டார். தரையைத் தொடவில்லை. அந்த ஊரின் தூண் பாதி தரையில் கிடந்தது.

பின்னால் வந்த ஒரு அம்மாள், என்னைவிட மூத்தவர், இரண்டு கையிலும் ஊன்றுகோல் வைத்திருந்தார். கல் சரிந்ததையும் பெட்டியோடு நிற்கிற மனுஷனையும் மாறி மாறிப் பார்த்தார். பொன்செல்வி அவர்கள் பாஷையில் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே அந்த அம்மாள் சிரித்துச் சிரித்து ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து கோலைச் சாய்த்து வைத்துவிட்டு எங்களோடு சேர்ந்து கல் அடுக்கினார். பெட்டி தலையில் இருப்பதால் இவர் குனிய முடியாது. நின்றுகொண்டே, பெரிய கல்லைக் கீழே வை, தட்டையானதை நடுவில் வை என்று மேஸ்திரி வேலை பார்த்தார். கனமான கற்களையெல்லாம் தூக்கியது பொன்செல்விதான். முடிந்தபோது தூண் முன்பைவிட ஒரு முழம் உயரம். அந்த அம்மாள் உச்சியில் ஒரு சின்னக் கல்லை வைத்து, இவர் தோளைத் தட்டிவிட்டு முன்னால் போனார்.

அதற்கு மேல் காற்று. பெட்டி பாய்மரம் மாதிரி இழுத்தது. மேலே காற்று பிடிக்கும் என்று பொன்செல்வி வீட்டிலேயே சொல்லியிருந்தாள், சங்குமுகம் கடற்கரைக் காற்றைப் பார்த்தவன் நான் என்று இவர் அதைத் தள்ளிவிட்டார். இப்போது இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் கல்லில் தடவி வைத்துப் போனார். ஒரு பனிப்பரப்பில் வழுக்கி ஒரு முட்டி தரையில் இடித்தது. பெட்டி அசையவில்லை. எழுந்தார். உச்சியில் இருக்கிற இரும்புக் கம்பமும் கட்டடமும் தெரிய ஆரம்பித்துவிட்டன. இந்த மனுஷன் ஜெயித்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. முருகன் மேல் கோபமாகவும் வந்தது, அவரைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பொன்செல்வி பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். இறங்கிப் போய்ப் பார்த்தால் உதடு வெளுத்து, நெற்றி வேர்த்திருந்தது. அந்தக் குளிரில் வேர்வை.

“ஒண்ணுமில்லம்மா, பூட்ஸ் கயிறு அவுந்துட்டு” என்றாள். கயிறு கட்டினபடியேதான் இருந்தது.

“எப்ப சாப்பிட்டே?”

ராத்திரி என்றாள். பால் கொடுக்கிறவள், ராத்திரி சாப்பிட்டவள், ஒரு காப்பியோடு மலை ஏறி, தூண் முழுக்கக் கல் தூக்கியிருக்கிறாள். சாப்பிடுகிற பொருள் அத்தனையும் அவள் அப்பன் தலையில்.

“அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா. இன்னும் கொஞ்ச தூரந்தான்.”

“அவரு தோக்கணும்னுதானடி நீ பந்தயம் கட்டினே?”

“தோக்கணும். ஆனா என்னைக்கொண்டு தோத்தாருன்னு ஆகக்கூடாது.”

இவர் எங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தார். கழுத்தைத் திருப்ப முடியாத மனுஷன், நாங்கள் பின்னால் வருகிறோம் என்றே நினைத்திருப்பார். வழி, வழி என்று குரல் வந்தது. நான் வாயைத் திறந்தால் அவருடைய சாலை வாழ்வு இந்தக் கல்லில் முடிந்துவிடும். அது முடிய வேண்டுமென்றுதான் வழி முழுக்க வேண்டிக்கொண்டு வந்தேன், முடியப்போகிற நேரத்தில் கூப்பிட மனசு வரவில்லை. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு வேறு யோசனை வரவில்லை.

“ஏங்க, பிள்ளைக்குப் பசியில தலை சுத்துது” என்று கத்தினேன்.

நின்றார். முழு உடம்பையும் திருப்பினார். பிறகு அந்தக் கல்லிலெல்லாம் எப்படி அத்தனை வேகமாக இறங்கி வந்தார் என்று தெரியவில்லை. இறக்கிவிட என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு முட்டியையும் மடக்கி, முதுகு நிமிர்ந்தபடியே உட்கார்ந்து, பெட்டியைத் தலையிலிருந்து கல்லின் மேல் இறக்கினார். டொம் என்று ஒரு சத்தம். நான் அதிகமாகச் சுற்றிய இரண்டு சுற்றுக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

முதலில் சாக்லேட், பிறகு சூடான டீ, பிறகு புளிச்சோற்றை உருட்டி உருட்டி அவள் வாயில் வைத்தார். ஊரில் அத்தனை பேருக்கும் வேளாவேளைக்கு மருந்தும் சோறும் கொடுக்கிற நர்ஸ் இவள்தானா, அந்த ஊர்க் கிழவிகளைக் கடவுள்தான் காப்பாற்றுகிறார் என்று திட்டிக்கொண்டே ஊட்டினார். அவளுக்கு முகத்தில் ரத்தம் வந்தது. வாயில் சோறோடு அழுதாள், அழுதுகொண்டே இன்னும் துவையல் கேட்டாள். மேலே போயிருந்த ஊன்றுகோல் அம்மாள் திரும்பி வந்தார். அவருக்கு வறுவல் கொடுத்தோம். பாக்கியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவளுக்கும் தெம்பு வந்துவிட்டது, மேலே போகலாம் என்று அவளே பிடிவாதம் பிடித்தாள். பெட்டியை மடக்கித் தட்டையாக்கி அவள் முதுகுப்பையில் செருகினோம். சும்மாட்டுத் துவர்த்தை நான் உதறி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். இவர் வெறும் தலையோடு நடந்தார். கையை என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், கடைசியில் ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டார்.

உச்சியில் அந்தக் கட்டடத்தின் ஓரம் காற்று மறைவாக நின்றோம். கீழே மேகம், மேகத்துக்கு நடுவே வேறு மலைகளின் தலை. இவர் அதைப் பார்க்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தை இடதுபுறம் திருப்பினார், வலதுபுறம் திருப்பினார். உடம்பு நேரே நிற்க, தலை மட்டும் ஆந்தை மாதிரி சுற்றியது. மூன்று மாதம் பாரம் இல்லாமல் இருந்ததில் எலும்பு இளகியிருக்கிறது.

“இந்தக் கணக்கு செல்லாதுப்பா. என்னாலதான் இறக்கினீங்க” என்றாள் பொன்செல்வி.

“தொட்டுது மக்களே. நான் கையால வச்சேன், எனக்குத் தெரியாதா? தொட்டுது” என்றார்.

அங்கே அவ்வளவு நேர்மையாகச் சொன்ன மனுஷன் இறங்கத் தொடங்கியதும் வேறு ஆள் ஆகிவிட்டார். நாங்கள் அடுக்கிய தூணருகே வரும்போது, சரக்குக்கு உடமைக்காரி நீ, உடமைக்காரிக்கு எங்கே வேண்டுமோ அங்கேதானே இறக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பஸ் ஏறும்போது பாதி ஜெயித்திருந்தார். கார் வீடு வந்து சேர்ந்தபோது முழுக்க ஜெயித்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் வழக்கு சாலை டீக்கடைக்குப் போயிற்று. வேல்சாமி தலைமை. ஒவ்வொருத்தராகக் கேள்வி கேட்டார்கள், பொன்செல்வியைப் போனில் விசாரித்தார்கள். அவளும் அப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை. உடமைக்காரி பசித்து உட்கார்ந்த இடம்தான் இறக்குகிற இடம், திரவியம் தோற்கவில்லை, கார்டு கையிலேயே இருக்கட்டும் என்று வேல்சாமி தீர்ப்புச் சொன்னார். இவர் தேர் அசைகிற மாதிரி அசைந்து வீட்டுக்கு வந்தார்.

டீக்கடைத் தீர்ப்பு டீக்கடையோடு இருக்கட்டும், என் கண் பார்த்தது தரை என்றேன். சும்மாட்டுத் துவர்த்தை என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். சாவி என் இடுப்பில்.

“உலகத்துல வேற துவர்த்தே இல்லையா?” என்றார்.

“இருக்கு. எடுத்துச் சுத்திக்கிடுங்க. நான் தடுத்தேனா?”

ஒரு புதுத் துவர்த்தைச் சுற்றிப் பார்த்தார், அது தலையில் உட்காரவில்லை என்று முனகினார். நான் அடுக்களைக்குப் போய் டீ போட்டேன். அன்று அரைக் கிளாஸ் இல்லை, விளிம்பு வரை ஊற்றிக் கையில் கொடுத்தேன். வாங்கினார். ஆவி பறந்தது. கிளாஸைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. மெதுவாகக் கடைசி வரை குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். சாயங்காலம் வேல்சாமியிடம் கார்டைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார் என்று பயந்தேன். அதற்கு நேரம் எங்கே? மலைப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேல்சாமியும் இன்னும் நாலைந்து சாலைக்காரர்களும் வாசலில் நின்று திரவியண்ணே என்று கூப்பிடுகிறார்கள். பஸ்ஸில் கல்லாறு வரை போய், ஆற்றங்கரைக் கடையில் டீ குடித்துவிட்டு, பொன்முடி மலை ரோட்டில் ஏறுகிறோம். நானும் போகிறேன். சோற்றுப் பாத்திரத்தைத் துணியில் கட்டி என் தலையில்தான் வைத்துக்கொள்வேன். அதற்குச் சும்மாடு அவருடைய பழைய துவர்த்து. அவர் வெறும் தலையோடு பக்கத்தில் நடந்துகொண்டு, அந்தப் பக்கம் குரங்கு பார், இந்தப் பக்கம் அருவி பார் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். வளைவு வந்தால் அவர்தான் வழி, வழி என்று கத்துவார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அதைப் பார்த்துவிட்டார்.

“எளா, கொஞ்ச நேரம் நான் வாங்கிக்கிடட்டா?”

“வேண்டாம்.”

“பின்னே அந்த மதில்மேலயாவது இறக்கி வையேன்.”

“மேல போய்தான் இறக்குவேன்” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.